ஒரே கிளாஸ் என்று நீ வைத்த சட்டம்

கப்பலேறி உலகம் சுற்றியும் கள்ளக்குறிச்சி வெயிலை விடாத என் கோவிந்து,

அலுப்பாக இருக்கிறதடா. சர்க்கரை ஆலை லேபில் இருந்தவரை உடம்பு அலுத்தது, இப்போது மனசு அலுக்கிறது. நீ போனபின் பேசுவதற்கு ஆளில்லை. அங்கே உனக்காவது யாராவது கிடைத்தார்களா?

உன் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி முடிந்து எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப். கொடுத்தது உன் பங்காளி வீட்டு மருமகள். "சூடா கீது சார், பாத்துப் புடிங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். எத்தனை வருஷம் உண்டு எழுந்த வீடு அது! சுருக்கென்றது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. குடித்துவிட்டு வந்தவன் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

போன வாரம் உன் மகன் குமரன் போன் செய்தான். "சித்தப்பா, அப்பா கடைசியா கொண்டாந்த பாட்டில் பீரோல அப்படியே கீது. எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல. எப்படி ஆரம்பிக்கணும்னு தெரியல. நீங்க வந்தாதான் தொறப்பேன்."

பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கருணாபுரம் வழியாகத்தான் நான் தினம் மார்க்கெட்டுக்குப் போகிறேன். பாக்கெட்டில் வந்த விஷச் சாராயம் ஆட்களை வாரிக்கொண்டு போன வீடுகளின் வாசலைத் தாண்டி நடக்கிறவன், எந்த விஸ்கி நல்ல விஸ்கி என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, அந்தப் பேப்பர் கப். உன் வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று போய்த் தெரிந்துகொள்ளவே பயமாக இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உங்கள் ஆட்களின் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம்? புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஆலைக்குக் கரும்பு வண்டி இல்லை. உங்கள் தெரு ஆட்களும் எங்கள் காலனி ஆட்களும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தோம். அந்த நேரம் பார்த்து நீ லீவில் வந்து இறங்கினாய். "அந்தப் பையன வூட்டுக்குள்ள சேக்காத" என்று உன் பெரியப்பா சொன்னதற்கு, "சரி பெரிப்பா, வூட்டுல சேக்கல" என்று சொல்லிவிட்டு, என்னை ராஜ்தூத் பைக்கில் உட்காரவைத்து மலைமேல் கரியாலூருக்கு ஓட்டினாயே!

ஓடைப் பாறையில் வைத்துப் பாட்டிலைத் திறந்தாய். பார்லியில் செய்ததாம், பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்ததாம். எனக்கென்ன தெரியும்? மொலாசஸ் பாகு நாற்றத்தில் சம்பளம் வாங்குகிறவன் நான். எலுமிச்சை ஊறுகாயை நக்கிவிட்டு, கிளாஸில் கோலி சோடாவை உடைத்து ஊற்றினேன்.

"அடப்பாவி! பன்னெண்டு வருஷம் தூங்கினத எழுப்பி சோடால குளிப்பாட்டிட்டியேடா!"

மலையே அதிர்கிறாற்போல் சிரித்தோம். அந்த வருஷம் நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

பிறகுதான் பாடம் எடுத்தாய். ஐஸ் வேண்டாம், சோடா வேண்டாம், காரம் அப்புறம். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதே, வாயைக் கொஞ்சம் திறந்து மோந்து பார். ஒரு மிடறு, பிறகு சொட்டுத் தண்ணீர், மறுபடி ஒரு மிடறு. புதிதாக ஆரம்பிக்கிறவன் ஸ்பேசைட் பக்கத்துச் சரக்கில் ஆரம்பிக்கட்டும், தேனும் பழமுமாக இருக்கும். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறியது அடுத்து. ஐலாத் தீவுச் சரக்கு கடைசி. அதை முதலில் கொடுத்தால் "ஆஸ்பத்திரி வாசன அடிக்குது"ன்னு ஓடிடுவான் என்றாய்.

கடைசியாக உன் சட்டம். "ஒரே கிளாஸ்தான். நான் குடிச்சத நீ குடி, நீ குடிச்சத நான் குடிக்கிறேன். ரெண்டு கிளாஸ்ல ஊத்துனா ருசி ரெண்டாப் பூடும்."

வயிறு பருத்து வாய் குறுகிய அந்தக் கிளாஸ் ஒன்றுதான் உன்னிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஊர் சும்மா இருக்குமா? "அவன் எச்சிலக் குடிச்சிகினு திரியறான்" என்று உன்னைப் பேசினார்கள். நீ கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு லீவிலும் அதே கிளாஸ், அதே சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வருவது வரட்டும் என்று உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் தயங்கியது. அண்ணி எட்டிப் பார்த்து, "இன்னாங்க, வெளியவே நிக்கிறீங்க?" என்று அதட்டினார்கள். குமரன் மேசைமேல் ஒரு மர டப்பாவை வைத்திருந்தான். பரணில் கிடந்ததாம். உள்ளே ஆறு பள்ளம். ஒன்று காலி. மற்ற ஐந்திலும், கப்பல் கம்பெனிப் பேப்பர் சுற்றியபடியே, அதே கிளாஸ்.

"ஆறும் ஒண்ணாத்தான் வாங்கியாந்தாரு, கல்யாணத்துக்கு முந்தியே" என்றார்கள் அண்ணி. "சூசை இருக்கறப்போ இத எறக்காதன்னு சொல்லிக்கினே இருப்பாரு. ஏன்னு மட்டும் சொல்லலீங்க."

எனக்குத் தெரிந்துவிட்டதடா. ரெண்டு கிளாஸ் வந்தால் ஒன்று காலனிக்காரன் கிளாஸ் ஆகிவிடும் என்றுதான் ஐந்தையும் என் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாய்.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாமா சித்தப்பா?" என்றான் குமரன்.

"வேணாம். கட்டி மேலயே போடு. அப்பாவோட பழசு ஒண்ணு போதும்."

நான் முதல் மிடறு குடித்து, சொட்டுத் தண்ணீர் விட்டு நீட்டினேன். உன் பிள்ளை விளிம்பைத் துடைக்கவில்லை. நான் குடித்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான். இருமினான். "ஆஸ்பத்திரி வாசன அடிக்குது" என்றான். பாவி, ஐலாவையா வைத்துவிட்டுப் போனாய்! சிரித்தேன், அழுதேன், அண்ணி பயந்துபோனார்கள்.

இனி யார் எங்கே பேப்பர் கப் கொடுத்தாலும் உன் வீட்டுக்குப் போவதை நிறுத்த மாட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டு வருகிறவர்களிடம், ஆரம்பிக்காமலே இருந்தாலும் குறைவில்லை என்றுதான் முதலில் சொல்வேன். அதையும் மீறி உட்காருகிறவன் கையில் ஒரே கிளாஸைத்தான் கொடுப்பேன். ஏன் என்று கேட்டால், ருசி ரெண்டாகிவிடும் என்று நீ சொன்ன பொய்யையே சொல்வேன்.

உன் எச்சிலில் பங்காளியான
சூசை