கறுப்புத் திராட்சையும் பீரோ சாவியும்

என்னங்க,

ஃப்ரிட்ஜில் கறுப்புத் திராட்சை கழுவி வைத்திருக்கிறேன். ஒன்றுவிடாமல் சாப்பிடுங்கள். இரும்பைப் போல மூளையும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அதைத் தடுக்கிற ஆன்டிஆக்சிடன்ட் திராட்சைத் தோலில் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் திராட்சைத் தோல் சாற்றைக் குடிக்கிற எலிகள்கூட வந்த வழியை மறப்பதில்லை. நீங்களோ பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு, "உன் கையிலதான் குடுத்தேன்"னு நேற்று முழுக்க ஒற்றைக்காலில் நின்றீர்கள்.

பதினோரு மணிக்கு உங்கள் அக்கா வருவார். சாவி தொலைந்த கதையை அவரிடமும் சொல்லுங்கள். தம்பியின் லட்சணம் தெரியட்டும்.

கிளம்பும்போது எழுதுவது: என் ஆய்வுக்கூடக் கோட்டை உதறினேன், அதன் பையிலிருந்து பீரோ சாவி விழுந்தது. மேசைமேல் வைத்திருக்கிறேன். அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். திராட்சையிலும் கை வைக்காதீர்கள். அது முழுக்க எனக்கு வேண்டும்.