யார் தீட்டிய உளி

பிப்ரவரி 9, திங்கள்

அலமாரிக் கதவுகளை ஒட்டியாகிவிட்டது. சாயங்காலம் அகல உளியைத் தீட்டினேன். பலகையின் குறுக்கு வெட்டில் வைத்துப் பார்த்தால், சீவாமல் நசுக்குகிறது. தீட்டுகல் குழிந்திருக்கும் என்று உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தினேன். மறுபடி தீட்டினேன். அதே கதை.

பிப்ரவரி 10

காலையில் அதே உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. நேற்று எனக்குத்தான் தூக்கக் கலக்கமோ என்னவோ.

பிப்ரவரி 13

மறுபடியும் அப்படியே: சாயங்காலம் தீட்டினால் நசுக்குகிறது, காலையில் வெட்டுகிறது. இரும்பே மட்டம் என்று உளி விற்ற கடைக்காரனைத் தங்கையிடம் திட்டினேன். பட்டறையில் நாங்கள் இருவர்தான். கதவும் இழுப்பறையும் எனக்கு, நாற்காலிகள் அவளுக்கு. எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள், இன்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

பிப்ரவரி 16

கல்லில் உளியைத் தள்ளும்போது வலது கை ஆடுகிறது. கொஞ்சம்தான். ஆனால் கை ஆடினால் உளியின் சரிவு பட்டையாக வராது, உருண்டுவிடும். உருண்ட உளி நசுக்கத்தான் செய்யும். கல்லும் இரும்பும் என்ன பாவம் செய்தன?

சரி, காலையில் மட்டும் எப்படி வெட்டுகிறது?

பிப்ரவரி 17

தீட்டி முடித்ததும் சரிவு முழுக்க மார்க்கர் மையைப் பூசி, பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18

மை இல்லை. சரிவு கண்ணாடி மாதிரிப் பட்டையாக இருக்கிறது. பட்டறைச் சாவி என்னிடமும் தங்கையிடமும்தான்.

ஒருவர் உளியில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று பட்டறை தொடங்கிய அன்றே பேசிக்கொண்டது. சொன்னதே அவள்தான். எத்தனை நாளா நடக்குது இது? நேரா வந்து சொல்ல வாயில்லையா? நான் என்ன சின்னக் குழந்தையா— தன் உளியைத் தீட்ட முடியாதவனுக்குப் பட்டறையில என்ன வேலை?

பிப்ரவரி 19

கேட்டேன். மறுக்கவில்லை.

"காலைல நீ வர்றதுக்கு முன்னாடி வந்து தீட்டி வச்சிடுவேன். சொன்னா நீ கடையைக் கட்டிட்டு வீட்ல உக்காந்துடுவ. எனக்கு இங்க தனியா இருக்கப் பிடிக்காதுண்ணே."

"எப்பலேர்ந்து?"

"அதை விடு. டாக்டரப் பாக்கலாம். நானும் வரேன்."

கோபமாகத்தான் கிளம்பினேன். வீடு வருவதற்குள் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை.

பிப்ரவரி 21

எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 26

நரம்புக் கோளாறாம். உயிருக்கு ஒன்றுமில்லை. மாத்திரை ஆட்டத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ரம்பம் பிடிக்கலாம், சுத்தியல் பிடிக்கலாம்.

"உளி தீட்டலாமா டாக்டர்?" என்று தங்கை கேட்டாள்.

"பென்சில் சீவுற மாதிரியா?" என்றார். வெளியே வந்து இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மார்ச் 3

என் உளிகளையும் இழைப்புளித் தகட்டையும் அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "மழுங்கிப்போச்சு" என்றேன். "வை" என்றாள்.

மார்ச் 10

தீட்டிய அகல உளியை நீட்டினாள். விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தேன்.

"பின்பக்கம் பிசிறு இருக்கு."

பிசிறு எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு போய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"இப்பப் பாரு."

"ம், இப்ப சரி" என்றேன். உளியை வாங்கிக்கொண்டு இழுப்பறை வேலைக்குப் போனேன்.