அக்டோபர் வெளிச்சம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஆய்வுக்கூடக் கருவியில் பதிவான ஈர்ப்பு அலைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவே, பெரிய கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுக்குள் இரண்டு சின்னக் கருந்துளைகள் ஒன்றானதில் கிளம்பிய அலை அது. முப்பத்துநான்கு நாள் கழித்து அதே இடத்தில் வெளிச்சம். எங்கள் தொலைநோக்கியில் பிடித்தது நான்தான். கட்டுரை தயார், உன் கையெழுத்து பாக்கி. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கக் குழு கூடுகிறது. இந்த ஒருமுறை சிவப்புப் பேனாவை மூடி வை.

உன் வாலு

பிப்ரவரி 9

வாலு,

சந்தோஷம். ஆனால் பெரிய கருந்துளையின் அக்கம்பக்கம் காரணமில்லாமலும் மினுங்கும். ஒன்றான கருந்துளை, ஒன்றான வேகத்தில் உதைபட்டுத் தட்டைவிட்டு வெளியேறியிருந்தால், சுற்றி வந்து மறுபடி அதில் விழுந்து வெளிச்சம் தரவேண்டும். உன் கணக்குப்படியே அது அடுத்த ஆண்டு அக்டோபரில். அப்போது வெளிச்சம் வராவிட்டால் நாம் சொன்னது தப்பு என்று கட்டுரையில் எழுது, கையெழுத்துப் போடுகிறேன். இருமல் நின்றதா?

அக்கா

பிப்ரவரி 12

அக்கா,

நிற்கவில்லை, உன் புண்ணியத்தில். தேதி போடுவது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. எங்கள் துறைத் தலைவர் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்கக்கா சூரியன் உதிச்சாலும் ரசீது கேப்பாங்க போலிருக்கே" என்றார். நானும் சிரித்தேன். உன் பெயர் இல்லாமலே அனுப்பிவிடுவேன்.

வாலு

பிப்ரவரி 15

வாலு,

அனுப்பு. கோபமில்லை. தப்பென்று நிரூபிக்க வழியே வைக்காத பேச்சில் நான் சேரமாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 28

அக்கா,

கட்டுரையில் எட்டாம் பக்கம், மூன்றாம் வரி. அக்டோபர் என்று போட்டாகிவிட்டது. கையெழுத்துப் போடு, ராட்சசி.

வாலு

அடுத்த ஆண்டு, நவம்பர் 3

அன்புள்ள வாலு,

அக்டோபர் முழுக்க நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை, ஆனால் உங்கள் தொலைநோக்கிப் படங்களைத் தினமும் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. மேகம் மறைத்தது நான்கே நாட்கள். அதைச் சாக்குச் சொல்லாதே. நேற்று பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்து, "தம்பி தலைமறைவாமே?" என்றார். உன்னை நிரந்தரமாக்கிய குழு இப்போது என்ன நினைக்கும் என்று நீ கதவைச் சாத்திக்கொண்டிருப்பாய். திற.

நாம் சொன்னது தப்பு என்று இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டுரையில் உன் பெயர் முதலில் இருந்தது. இதில் என் பெயர் முதலில். தேதி கேட்டவள் நான். சிரிக்க வருபவர்கள் என்னைத் தாண்டி உன்னிடம் வரட்டும்.

அலை உண்மை. வெளிச்சம்தான் வேறெதுவோ. போன வாரம் இன்னொரு அலை பதிவாகியிருக்கிறது; இடம் குறித்து அனுப்புகிறேன், தொலைநோக்கியைத் திருப்பு.

முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெந்நீர் குடி.

அக்கா