அத்தையின் குப்பியில் இருந்தது

ஷொர்ணூர்,
கர்க்கடகம் 21

அன்பு மகள் அனகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன் மோளே. இங்கே நாங்கள் சுகம் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். உன் அச்சன் இன்று காலை யாரும் பிடிக்காமல் வாசல் வரை நடந்து மழையைப் பார்த்துவிட்டு வந்தார், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டையும் போட்டார். அங்கே நீயும் குளிர் படாமல் நன்றாக இருக்க குருவாயூரப்பன் துணை. நேரம் மிகவும் ஆகிவிட்டது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஃபோனில் அத்தையின் பேரை எடுத்தாலே நீ பேச்சை மாற்றுகிறாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரி வரை படி.

அச்சனுக்கு ரத்தப்போக்கு நின்றது வரைக்கும் உனக்குத் தெரியும், அது எதனால் வந்தது என்று கேட்க நீ நிற்கவில்லை. அத்தையின் கஷாயத்தால்தான் என்று நீயே முடிவு கட்டி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தவளிடம் ஃபோனிலேயே, அச்சனுக்கு ஏதாவது ஆனால் இனி உங்கள் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அன்று எங்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிற மனுஷன் குளியலறையில் மயங்கி விழுகிறார், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, மெடிக்கல் காலேஜ் டாக்டர் செறியான் வேறு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கிறார், நான் இல்லவே இல்லை என்கிறேன். அப்போதுதான் ரத்னவல்லி அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நான் கொடுத்தேன் டாக்டர், என் மூட்டுக் கஷாயத்துல பாதிய தினமும் தம்பிக்கும் ஊத்தினேன், எனக்குக் கால் லேசாச்சு, இவனும் நொண்டறானேன்னு" என்றாள்.

அந்தக் கஷாயம் கடையில் வாங்கியது அல்ல, உனக்குத் தெரியுமே, ஆயுர்வேத ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜும் சேர்ந்து நடத்துகிற சோதனையில் கொடுத்தது. பாதிப் பேருக்கு அசல் கஷாயம், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே கசப்பில் வெறும் தண்ணீர், யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் சேர்த்தார்கள், ஆனாலும் அத்தை தனக்கு வந்தது அசல்தான், அறுபது வருஷம் கஷாயம் குடித்த நாக்குக்குத் தெரியாதா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குப்பியில் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும். டாக்டர் செறியானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சோதனையை நடத்துகிற டாக்டர் ஹரிப்ரியா அந்த மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்ததும், "உங்க குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?" என்றார். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை, "தெரியக்கூடாதுன்னு உங்க காலேஜும் சேர்ந்துதானே சார் கையெழுத்துப் போட்டுது" என்றாள். ஆனால் அசல் கஷாயத்தில் என்னென்ன மூலிகை, அதில் எது ரத்தத்தை இளக்கும் என்று ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள், அசலாக இருந்தால் இதனால் வந்திருக்கலாம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். எந்த எண்ணுக்கு எது என்ற விவரம் திருவனந்தபுரத்தில் வேறு ஆட்களிடம் இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் கேட்க முடியுமாம். இது கஷாயத்தின் வேலை என்று தெரிந்தால் என் சோதனையையே நிறுத்திவிடுவார்கள் என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் நின்று அவளே ஃபோன் செய்தாள் மோளே.

அது தண்ணீர்தான். அச்சன் குடித்ததெல்லாம் நிறமும் கசப்பும் சேர்த்த தண்ணீர்.

அப்படியானால் வேறென்ன என்று செறியான் டாக்டர் அச்சனின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், ஹரிப்ரியா மறுபக்கம். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டதில் அச்சன் மெல்ல வாயைத் திறந்தார், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்காகத் தின்றிருக்கிறார், ஸ்கூட்டர் பெட்டியில் அட்டை அட்டையாக. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அது என்ன டாக்டர் மருந்தா, எல்லாரும் போடறதுதானே" என்கிறார்! செறியான் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது, "கஷாயத்தைக் கண்டா உலகமே பயப்படுது, இதைக் கடலை மிட்டாய் மாதிரி மெல்லறீங்களே சசிதரன்" என்றார். ரத்தம் இளக்கும் மாத்திரையோடு அது சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதாம், நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டாம். இப்போது இரண்டு ஆஸ்பத்திரியிலும், வீட்டில் இருக்கிற கஷாயம், மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நானும் ஸ்கூட்டர் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறேன், அச்சன் என்னைப் போலீஸ்காரி என்கிறார்.

அத்தை மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தை ஹரிப்ரியாவிடம், "அப்போ என் முழங்கால் எதுல சரியாச்சு?" என்று ஒரு தடவை கேட்டாள், அதையும்தான் கண்டுபிடிக்கணும் சேச்சி என்றாள் அவள். அதற்குப் பிறகு அத்தை நம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. நான் பி.எட். படிக்கப் போன நாட்களில் உன்னை இடுப்பை விட்டு இறக்காதவள், ஒரு வேலி தாண்டி வரமாட்டேன் என்கிறாள். தண்ணீர்தானே சேச்சி, மனதில் வைக்காதீர்கள் என்று நான் போய்ச் சொன்னதற்கு, "நான் கொடுக்கறப்போ அது தண்ணின்னு எனக்குத் தெரியாதே ஷீஜா" என்றாள்.

நீ தினமும் நோயாளிகளைப் பார்க்கிறாய், வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எத்தனை பேர் உண்மை சொல்கிறார்கள்? அவள் சொன்னாள், அத்தனை பேர் முன்னாலும், யாரும் அவளைக் கேட்காமலே. அதைச் சொன்னதற்குத்தான் நாம் எல்லோரும் அவளைத் திட்டினோம். மறைத்தவருக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரவு வேலை முடிந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு அப்படியே படுத்துவிடாதே, ஏதாவது சாப்பிட்டுத் தூங்கு. கழுத்து வலி என்றாயே, நீயாக எந்த மாத்திரையும் போடாதே, அச்சன் மகள்தானே நீ. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க வேண்டும், அச்சனும் அதையே சொல்லச் சொன்னார்.

ஞாபகமாக அத்தைக்கு ஃபோன் செய். மன்னிப்பெல்லாம் கேட்டு அவளை அழ வைக்காதே. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஷீஜா