சும்மா என்று நீங்கள் சொன்னது

இன்று பின்னேரம் அப்பா என் கையில் ஒரு தாளைத் தந்தார். கடை பில்லின் பின்பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்தில் பத்து வரி. நாலாவது வரியில் நீங்கள் இருக்கிறீர்கள், சித்தப்பா. ‘எனது தம்பியே பெனிபிட்டில் சும்மா இருந்து பழுதாய்ப் போனவன்.’

நாளைக்குக் கோயில் மண்டபத்துக்கு எங்கள் தொகுதி எம்.பி. வருகிறார். வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் பெனிபிட்டை இன்னும் சில மாதம் நீட்டுவதா, நிறுத்துவதா என்று பாராளுமன்றத்தில் சண்டை. நீட்டவே கூடாது என்று அப்பா பேசப்போகிறார். அவருக்குக் கடையில் கதைக்கிற அளவு இங்கிலீஷ் மட்டும்தான் வரும். அவர் தமிழில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் தங்கை வாசித்துவிடுவாள், அதனால் தமிழில்.

ஹோட்டல் குசினி வேலையிலிருந்து உங்களை நிறுத்திய பிறகு எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்தீர்கள். செய்தியில் பெனிபிட் என்ற சொல் வந்தாலே அப்பா தொடங்கிவிடுவார்.

“காசை நீட்டினால் காலையும் நீட்டிக்கொண்டு படுப்பாங்கள்.”

“அந்த றூமுக்குள்ளை கால் நீட்ட எங்கை அண்ணை இடம்?” என்பீர்கள் நீங்கள். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடுவார். அப்பா சிரிக்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை பெனிபிட் ஒபிஸிலிருந்து ஃபோன் வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. சிநேகிதி வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கரில் ஒரு பெண், போன வாரம் வேலை தேட நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“சித்தப்பா, போன கிழமை என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கினம்.”

“என்னத்தைச் சொல்ல? சும்மாதான் இருக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை.”

நான் ‘நத்திங்’ என்றேன். அந்தப் பெண் நம்பாதவர் போல, எதுவுமே இல்லையா என்று மறுபடி கேட்டார். உங்களிடம் நான் திரும்பக் கேட்கவே இல்லை. எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

காசை நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்தபோது அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். அன்றுதான் உங்களிடம் கேட்டேன், அந்தக் கிழமை உண்மையில் என்ன செய்தீர்கள் என்று. அப்பர் டூட்டிங் றோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை விடாமல் வேலை கேட்டு ஏறி இறங்கியிருக்கிறீர்கள். பிறகு மழைக்குள் நடந்து அடுத்த ஊர்க் கடைகள் வரை. பஸ்ஸில் ஏறாமல்.

“அதை ஏன் சொல்லேல்லை?”

“கிடைச்சால்தானே செய்தது எண்டு சொல்லலாம். கேட்டுத் திரிஞ்சதெல்லாம் ஒரு வேலையே?”

இந்த நாட்டில் கேட்டுத் திரிவதுதான் வேலை, சித்தப்பா. அதற்குத்தான் அவர்கள் காசு தந்தார்கள். அது உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆனால் ‘நத்திங்’ உங்களுக்குத் தெரிந்த சொல். நான் என்ன சொன்னேன் என்று கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அப்பாட்டைச் சொல்லாதை. உனக்குத்தான் பேச்சு விழும்” என்றீர்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பா, “நிப்பாட்டினது நல்லது. இனியாவது எழும்புவான்” என்றார். நீங்கள் புட்டைப் பிசைந்துகொண்டு இருந்தீர்கள். நானும் இருந்தேன்.

நீங்கள் எழும்பினீர்கள். விடிய முன் மரக்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனீர்கள். நெஞ்சு நோகுது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னீர்கள். தை மாதக் குளிரில், இறக்கி முடியாத லொறிக்குப் பக்கத்தில் விழுந்தீர்கள். செத்தவீட்டில் அப்பா கதறியதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

எனக்கு எல்லோர் மேலும் கோபம். உங்களை ஒருநாளும் பார்க்காமல் உங்களைப் பற்றி வாக்குப் போடுகிறவர்கள் மேல். தம்பியை உதாரணமாக்கிக் கைதட்டு வாங்கப்போகும் அப்பா மேல். என் மேல். அதைவிட உங்கள் மேல். ஏன் என்னைத் திட்டவில்லை? ஒருமுறை திட்டியிருந்தால் அழுதுகொண்டே அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். அதனால் இரண்டு வருடமாக இந்த வீட்டில் நீங்கள் சோம்பேறி.

நாளைக்கு அப்பா அந்த நாலாவது வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். எம்.பி.யும் என்னைப் பார்ப்பார். நான் அதை இங்கிலீஷில் சொல்லமாட்டேன். அந்த ஒரு கிழமையில் நீங்கள் ஏறிய கடைகளைச் சொல்வேன், மழையைச் சொல்வேன், ஃபோனில் நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். முதலில் இங்கிலீஷில். பிறகு அப்பாவுக்காகத் தமிழில். சபைக்கு முன்னால் அவருக்கு மானம் போகும். வீட்டுக்கு வந்து என்ன செய்வார் என்று தெரியவில்லை.

சொல்லாதே என்றீர்கள். இரண்டு வருடம் கேட்டேன். இனிக் கேட்கமாட்டேன், சித்தப்பா. எழுத்துக் கோணுகிறது. கோபத்தில் என்று நினைத்துக்கொள்ளுங்கோ.