மழைக்கால அளவுகள்

சென்னை,
3-9-1986

அன்புள்ள பிலோமினாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். வேலை விஷயம்தான்.

நான் இருக்கும் ஆய்வுக் கம்பெனிக்கு ஒரு நகராட்சி வேலை வந்திருக்கிறது. ஊர்க்குப்பை முழுவதையும் லாரியில் கொண்டுவந்து, நம் கோட்டைக்குப்பத்துக்கும் காட்டூருக்கும் நடுவே ஏரியை ஒட்டிய முப்பது ஏக்கர் களர் நிலத்தில் கொட்டப் போகிறார்கள். அதனால் கிணறுகளுக்கும் ஏரிக்கும் கெடுதல் உண்டா என்று பார்த்து நாங்கள் அறிக்கை தர வேண்டும். மே மாதம் ஒருமுறை அளவெடுத்தோம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மழைக்காலத்தில் அங்கே தங்க எங்களிடம் ஆள் இல்லை.

நிலத்தின் நடுவில் அங்குலக் கோடு போட்ட கம்பு ஒன்று நட்டிருக்கிறோம். வாரம் இரண்டு நாள் அதில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பக்கத்தில் கைருன் பீவி வீட்டுக் கிணற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஒவ்வொரு புட்டித் தண்ணீர் அனுப்ப வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு நடுவே உன்னால் முடியுமா? முடியாதென்றால் ஒரு வரி எழுது.

ஆபிரகாம்


கோட்டைக்குப்பம்,
11-9-1986

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துதான் பிரித்தேன்.

மே மாதம் நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். பழவேற்காட்டில் ஜீப்பை நிறுத்தி டீ குடித்ததைப் படகுக்காரர் பெருமாள் பார்த்திருக்கிறார். "இன்னா டீச்சரம்மா, சார் வந்துகிறாரே, நல்ல மடவை மீனு கீது, எடுத்தாரட்டா?" என்று வாசலில் வந்து கேட்டார். அவசர வேலை, உடனே திரும்பிவிட்டார் என்று சொன்னேன். மூன்று நாள் பயணியர் விடுதியில் இருந்தீர்கள் என்பது பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். உங்கள் பேச்சை நம்பிச் சென்னைக்கு மாற்றல் கேட்டேன். உத்தரவு வந்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிய பிறகு, "வீடு கிடைக்கவில்லை, வராதே" என்று தந்தி அடித்தீர்கள். பழைய இடத்தையே கொடுங்கள் என்று நான் யார் யார் வாசலில் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியாது. இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

அளவெடுக்கிறேன். உங்களுக்காக இல்லை. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் குடிப்பது இந்தத் தண்ணீர்தான். புட்டிகளை அனுப்புங்கள்.

பிலோமினா


சென்னை,
9-10-1986

அன்புள்ள பிலோமினாவுக்கு,

மூன்று முறை நீ அனுப்பிய புட்டிகளும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. மீன் கூடையில் ஐஸுக்குள் புதைத்து பஸ்ஸில் ஏற்றுவது எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. புட்டிகளில் மீன் வாடை வீசுகிறது. லேபில் எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கத் தோன்றவில்லை.

நீ எழுதியது எல்லாம் உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவரோடும் பேசவில்லை என்பது மறுநாள் காலைதான் தெரிந்தது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. லாட்ஜில் என் அறைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

அடுத்த புட்டிகளோடு இரண்டு வரி எழுதி வை. அளவு மட்டும் போதாது.

ஆபிரகாம்


கோட்டைக்குப்பம்,
16-11-1986

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு வரி கேட்டீர்கள். இன்று நிறையவே இருக்கிறது.

பத்து நாளாக விடாத மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டோம். ஏரி ஏறி வந்து அந்த நிலத்தோடு ஒன்றாகிவிட்டது. வியாழக்கிழமை முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்தேன், இருபத்தொரு அங்குலம். நேற்று நடக்க முடியவில்லை. பெருமாள் படகில் கூட்டிப்போனார். கம்பு இருந்த இடத்தைக் கழியால் துழாவித்தான் கண்டுபிடித்தோம். மூன்றடிக் கம்பு, முழுவதும் தண்ணீருக்குள்.

"இங்க குப்பை லாரி வருமாம்மா? படகு போற எடத்துல லாரி எப்டிம்மா போவும்?" என்று அவர் கேட்டார். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு அள்ளிக் காட்டினார். உள்ளங்கையில் நூல் நூலாக இறால் குஞ்சுகள். முகத்துவாரம் திறந்து கடல்தண்ணீர் உள்ளே வந்ததும் இந்தப் பள்ளத்தில்தான் ஒதுங்கி வளருமாம். "இதுங்க பெருசானாதான் எங்களுக்குச் சோறு. எழுதிக்கோ" என்றார். நோட்டில் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்திருக்கிறேன். அந்தச் சத்தம் ஒரு துணை மாதிரி இருக்கிறது. நனைந்துகொண்டு லேபுக்கு நடக்காதீர்கள். உங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்.

பிலோமினா


சென்னை,
8-12-1986

என் அன்பு பிலோமினாவுக்கு,

உன் நோட்டும் கடைசிப் புட்டிகளும் கிடைத்தன. அந்த நிலத்தில் குப்பை விழுந்தால் முதல் மழையிலேயே அதன் சாறு ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்விடும். சந்தேகமே இல்லை. எங்கள் கம்பெனியில் ஒருவரும் இவ்வளவு ஒழுங்காக அளவெடுத்ததில்லை.

இன்னொரு செய்தி. தருமலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அவர்தான் எங்கள் கம்பெனித் தலைவர். ஜனவரியில் என் வேலை நிரந்தரமாகிறது. வில்லிவாக்கத்தில் கம்பெனி வீடு ஒன்று காலியாகிறது, இரண்டு அறை, உள்ளேயே குழாய். எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை தந்தி வராது. மாற்றலுக்கு எழுதிப் போடுகிறாயா?

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

உன்,
ஆபிரகாம்


கோட்டைக்குப்பம்,
22-2-1987

ஆபிரகாம் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை. வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியிலும் கடிதம் இல்லை. வீடு மாறும் அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று பஞ்சாயத்து அலுவலகத்தில் உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். "மழைக்காலத்திலும் மேற்படி நிலத்தில் தண்ணீர் தேங்குவதில்லை. ஏரிக்கும் நிலத்துக்கும் தொடர்பு இல்லை." எழுத்தர் இதை வாசித்ததும் பெருமாள் திரும்பி என்னைப் பார்த்தார். கைருன் பீவி கேட்டார்: "உன் நோட்டு இன்னாச்சு பிலோமினா?" கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உங்களுடையது.

எனக்கு விளக்கம் வேண்டாம். ஊரார் மனு கொடுத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கப் போகிறது. என் நோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

மாற்றலுக்கு எழுதிய விண்ணப்பத்தை நேற்று மாலையே போய்த் திரும்ப வாங்கிவிட்டேன்.

பிலோமினா


சென்னை,
3-3-1987

பிலோமினாவுக்கு,

நோட்டை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். புட்டிகளைச் சோதித்த விவரங்களையும் என் கையால் பிரதி எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

பயிற்சி இல்லாத ஆள் எடுத்த அளவு செல்லாது, மே மாதக் கணக்கை வைத்தே முடித்துவிடலாம் என்றார் தருமலிங்கம் சார். நான் வாதாடினேன். "உனக்கு வீடு வேணுமா, வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உன்னைக் கூட்டிவர வீடு இல்லாமல்தானே எல்லாம் கெட்டது என்று அந்த நிமிடம் தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது சாவி மேசைமேல் இருக்கிறது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

ஆபிரகாம்


கோட்டைக்குப்பம்,
27-4-1987

அன்புள்ள உங்களுக்கு,

விசாரணை சனிக்கிழமை திருப்பாலைவனம் பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. உங்களுக்கும் நோட்டீஸ் போனதாகச் சொன்னார்கள். தபாலில் எங்காவது தவறியிருக்கும்.

அதிகாரி நல்ல மனிதர். என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். உங்கள் பிரதிகளையும் பார்த்து, யார் சோதித்தது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அப்போது நகராட்சிப் பொறியாளர் எழுந்து, "இந்தம்மா பேரு பிலோமினா ஆபிரகாம். சோதனை செஞ்சவரு பேரு ஆபிரகாம். உறவா?" என்று கேட்டார்.

கைருன் பீவி முந்தின நாளே சொல்லியிருந்தார்: "கேட்டா ஒண்ணுமில்லைனு சொல்லிடு. மூணு வருசமா அந்த ஆளு எட்டிக்கூடப் பாக்கல, பொய்யா இன்னா?" நானும் சரி என்றுதான் போனேன். ஆனால் கேட்டதும், "என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். "பொண்டாட்டி அளந்தாங்க, புருஷன் சோதிச்சாரு. குடும்ப விஷயம் சார்" என்றார் பொறியாளர்.

அதிகாரி அதற்குச் சிரிக்கவில்லை. "அவர் இங்க வந்திருக்காரா? எழுந்து வந்து இது நான் சோதிச்சதுனு சொன்னா இப்பவே ஏத்துக்கறேன்" என்றார். நான் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வரலைங்க, அவருக்குத் தகவல் கிடைச்சிருக்காது" என்றேன்.

கம்பெனி அறிக்கையையும் என் நோட்டையும் ஏற்காமல் தள்ளிவைத்துவிட்டார். வரும் மழைக்காலம் முழுவதும் வேறொரு குழு இங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும், அதுவரை ஒரு லாரியும் வரக்கூடாது என்று உத்தரவு. ஊரில் யாருக்கும் முழுச் சந்தோஷம் இல்லை. எனக்கு அன்று பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி மட்டும் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டது பெரிய தப்பு. ஆனால் நோட்டைத் திருப்பி அனுப்பினீர்கள். அனுப்பாமலும் இருந்திருக்கலாம். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோடை விடுமுறையில் நான் எங்கும் போகவில்லை. வருவதாக இருந்தால் எழுதிக் கேட்க வேண்டாம். பஸ் ஏறி வாருங்கள். இருவரும் உட்கார்ந்து பேசுவோம்.

பிலோமினா


சென்னை,
10-5-1987

பிலோமினாவுக்கு,

நோட்டீஸ் எனக்குக் கிடைத்தது.

அன்று காலை பஸ்ஸிலேயே வந்தேன். கூடத்தின் பின்பக்கம், கதவோரம், மீன்காரர்களுக்குப் பின்னால் நின்றேன். நீ நீலப் புடவை கட்டியிருந்தாய். "என் வீட்டுக்காரர்" என்று நீ சொன்னதையும் கேட்டேன், என்னைச் சுற்றி நின்றவர்கள் சிரித்ததையும் கேட்டேன். அதிகாரி கேட்டபோது கையைத் தூக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் வரிசையில் தருமலிங்கம் சார் முதுகு தெரிந்தது. கை எழவில்லை. எனக்காக நீ சமாதானம் சொன்னாய். நான் கூட்டம் கலையும் முன்பே வெளியே போய், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதை மறைத்துக்கொண்டு உன் வீட்டுக்குள் வந்து உட்கார என்னால் முடியாது. சொல்லிவிட்டு வரும் தைரியமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை அதிகாரியைப் போய்ப் பார்த்து, அந்தச் சோதனை என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். "உத்தரவு போட்டாச்சே" என்றார். கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

இந்த வீட்டில் ஓர் அறையை நான் திறப்பதே இல்லை. நீ வரச் சொன்ன கடிதத்தை மட்டும் அதில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நீ என்ன எழுதினாலும் சரி. ஏதாவது எழுது.

ஆபிரகாம்


கோட்டைக்குப்பம்,
20-12-1987

ஆபிரகாம் அவர்களுக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

புதிய குழு ஐப்பசியில் வந்து இரண்டு மாதம் தங்கியது. தண்ணீர் இந்த வருடமும் அதே உயரம் ஏறியது. அவர்களே படகில் போய் அளந்தார்கள். நேற்று உத்தரவு வந்தது. அந்த நிலம் வேண்டாம், நகராட்சி வேறு மேட்டு நிலம் பார்க்க வேண்டும் என்று. கோப்பில் நீங்கள் எழுதிக் கொடுத்ததையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். பெருமாள் அதை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சாருக்கு எழுதுங்கம்மா, அவரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் அங்கே நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்காவது போய் நாலு பேரோடு பேசுங்கள்.

உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தவரை உங்களுக்கு எழுத ஏதாவது இருந்துகொண்டே இருந்தது.

பிலோமினா