மாதேஷின் பெரிய கண்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, கோவையிலிருந்து சிந்துஜா. கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் எனக்குப் பேச்சு வராததால் எழுதுகிறேன்.

நான் கூட்டிப் பெருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தை வந்தது. தம்பி மாதேஷுக்கு இருப்பது போலவே பெரிய கண்கள். "எங்கூர்ல அழகும்பாங்க" என்றேன்.

"அழகில்ல புள்ள, உள்ளே தண்ணி தேங்கிக் கண்ணு வீங்குது. விட்டா பார்வை போயிரும்" என்றார் நர்ஸக்கா. தண்ணீர் வடிய உள்ளே சின்னக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாய் நம் நாட்டிலேயே செய்ததாம், விலை குறைவாம்.

நம் மாதேஷுக்கு வெளிச்சம் கூசுகிறது என்று பொங்கலுக்கே சொன்னேன். "உன் கண்ணே பட்டுரும்டி" என்று மிளகாய் சுற்றிப் போட்டீர்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றலாம்.

பொம்மிடியில் ரயிலேறி அவனைத் தூக்கி வாருங்கள். என் பழைய போர்வையும் வேண்டும், தனியாகப் படுக்கக் குளிருகிறது.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அப்பா வர மறுத்தால், நான் எவனோடோ ஓடிவிட்டேன் என்று சொல்லுங்கள். உடனே கிளம்பிவிடுவார்.

சிந்துஜா